அதிபர் உத்தரவுக்கே ‘தடை’... யார் இந்த 9-வது சர்க்யூட் கோர்ட்? அமெரிக்க அப்பீல் நீதிமன்றம் இயங்குவது எப்படி?

“ட்ரம்ப் உத்தரவுக்குத் தடை நீடிக்கும்: அமெரிக்க அப்பீல் நீதிமன்றம் அதிரடி” என்ற தலைப்பை கடந்த சில ஆண்டுகளில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? உள்ளே போய்ப் படித்தால் ‘9-வது சர்க்யூட்’, ‘3 நீதிபதிகள் அமர்வு’, ‘சான் பிரான்சிஸ்கோ’ என்று சில வார்த்தைகள் வரும். அதோடு செய்தி முடிந்துவிடும். அடுத்த வாரமே “தடை நீங்கியது” என்று இன்னொரு செய்தி வரும். எது எதை நிறுத்தியது, எது எதை நீக்கியது என்று தலை சுற்றும்.

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இது வெறும் பொது அறிவு இல்லை. 2025 ஜனவரி 20-ம் தேதி, பதவியேற்ற அன்றே அதிபர் ட்ரம்ப் பிறப்புரிமைக் குடியுரிமை தொடர்பான உத்தரவில் கையெழுத்திட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லை என்றால், அங்கே பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் குடியுரிமை கிடையாது என்றது அந்த உத்தரவு. பிரசவத் தேதி நெருங்கிய பல இந்திய வீடுகளில் தூக்கம் போனது. அந்த உத்தரவு அமலுக்கு வராமல் பார்த்துக்கொண்ட நீதிமன்றங்களில் ஒன்றுதான் இந்த 9-வது சர்க்யூட்.

சரி, இது என்ன கோர்ட்? யாருக்கு மேலே, யாருக்குக் கீழே?

13 கோர்ட்டுகள்... அதில் பெரியது இது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்ம ஊரில் நீதிமன்றங்கள் ஒரே ஏணி. மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம். மாநிலச் சட்டமோ மத்தியச் சட்டமோ, இதே படிகளில்தான் ஏற வேண்டும். அமெரிக்காவில் ஏணி இரண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நீதிமன்றங்கள், தனி உச்ச நீதிமன்றமும் உண்டு. கொலை, விவாகரத்து, வாடகைத் தகராறு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். இதற்குப் பக்கத்திலேயே ஃபெடரல் நீதிமன்றங்கள் என்று இன்னொரு ஏணி நிற்கிறது. அரசியல் சாசனம், நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள், குடியேற்றம், காப்புரிமை, மத்திய அரசு மீதான வழக்குகள் எல்லாம் இந்தப் பக்கம்.

ஃபெடரல் ஏணியில் மூன்றே படிகள். கீழே 94 டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகள். மேலே வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம். நடுப்படிதான் அப்பீல் கோர்ட். மொத்தம் 13. அதில் 11-க்கு எண்தான் பெயர்: 1-வது சர்க்யூட் முதல் 11-வது சர்க்யூட் வரை. தலைநகருக்கு ‘டி.சி. சர்க்யூட்’ என்று தனியாக ஒன்று. காப்புரிமை போன்ற குறிப்பிட்ட வகை வழக்குகளுக்காக நாடு முழுவதற்கும் ‘ஃபெடரல் சர்க்யூட்’ என்று இன்னொன்று.

‘சர்க்யூட்’ என்றால் சுற்று. பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. 1789-ல் ஃபெடரல் நீதிமன்றங்களை உருவாக்கியபோது இப்போதைய மாதிரி தனி அப்பீல் கோர்ட் கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளே குதிரையிலும் கோச்சு வண்டியிலும் ஊர் ஊராகச் சுற்றி வழக்கு கேட்டார்கள். வயதான காலத்தில் இப்படி அலைவது அவர்களுக்குப் பெரிய தலைவலி. நூறு ஆண்டுகள் புலம்பிய பிறகு, 1891-ல் நாடாளுமன்றம் தனி அப்பீல் கோர்ட்டுகளை உருவாக்கியது. நீதிபதிகள் சுற்றுவது குறைந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

9-வது சர்க்யூட்டின் எல்லையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். கலிபோர்னியா, வாஷிங்டன் மாநிலம், ஓரிகன், நெவாடா, அரிசோனா, ஐடாஹோ, மொன்டானா, அலாஸ்கா, ஹவாய் என 9 மாநிலங்கள். போதாதென்று பசிபிக் கடலில் இருக்கும் குவாம், வடக்கு மரியானா தீவுகளும் உண்டு. அமெரிக்கர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இந்த எல்லைக்குள் வாழ்கிறார். கூகுள், ஆப்பிள், மெட்டா, மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் தலைமையகம் வைத்திருக்கும் மண் இது. மெக்சிகோ எல்லையில் ஒரு பகுதியும் இதற்குள்தான். அதனால் டெக் வழக்குகளும் குடியேற்ற வழக்குகளும் இங்கே குவிகின்றன.

நீதிபதி இடங்கள் 29. ஒப்பிட்டுப் பார்க்க, 1-வது சர்க்யூட்டில் 6 இடங்கள்தான். தலைமையகம் சான் பிரான்சிஸ்கோ. ஆனால் 29 பேரும் அங்கேயே உட்கார்ந்திருப்பதில்லை. ஒருவர் ஹொனலுலுவில் இருப்பார், இன்னொருவர் ஃபீனிக்ஸில் இருப்பார். அமர்வு வரும்போது சான் பிரான்சிஸ்கோ, பசடீனா, சியாட்டில், போர்ட்லேண்ட் போன்ற ஊர்களில் கூடுவார்கள்.

மறுவிசாரணை இல்லை, ரீப்ளே!

அப்பீல் கோர்ட் என்றதும் வழக்கை முதலிலிருந்து விசாரிப்பார்கள் என்று நினைத்தால், அது தப்பு. இங்கே சாட்சி கிடையாது. ஜூரி கிடையாது. புதுசா ஆதாரம் கொண்டுபோய் நீட்ட முடியாது. கீழ்க்கோர்ட்டில் என்ன பதிவானதோ அந்தக் கட்டு மட்டும்தான் மேசைக்கு வரும். கேள்வி ஒன்றே ஒன்று: கீழே இருந்த நீதிபதி தவறு செய்தாரா? செய்திருந்தால் அது முடிவை மாற்றும் அளவுக்கான தவறா?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சுலபம். மூன்றாவது அம்பயர் பந்தை மறுபடி போடச் சொல்வதில்லை. ரீப்ளே பார்ப்பார். அதிலும் ‘அம்பயர்ஸ் கால்’ என்று ஒன்று உண்டல்லவா? விளிம்பில் பட்டும் படாமலும் இருந்தால் களத்தில் நின்ற அம்பயரின் முடிவே நிற்கும். அப்பீல் கோர்ட்டிலும் கிட்டத்தட்ட அதே கதை. சாட்சியை நேரில் பார்த்தவர், அவர் முகம் வேர்த்ததைக் கவனித்தவர் கீழ்க்கோர்ட் நீதிபதி. அதனால் ‘என்ன நடந்தது’ என்ற உண்மை விஷயங்களில் அவர் முடிவை அவ்வளவு எளிதில் மாற்ற மாட்டார்கள். அப்பட்டமான தவறு என்று தெரிந்தால் மட்டுமே கை வைப்பார்கள். ஆனால் ‘சட்டம் என்ன சொல்கிறது’ என்ற கேள்வியில் கீழ்க்கோர்ட்டுக்கு எந்தச் சலுகையும் இல்லை. முதலிலிருந்து தாங்களே யோசித்து முடிவு செய்வார்கள்.

எந்தக் கேள்வி எந்த வகை என்பதிலேயே பாதி வழக்கின் தலைவிதி தீர்மானமாகிவிடும். விவரம் தெரிந்த வக்கீல்கள் தங்கள் பிரச்சினையை ‘இது சட்டக் கேள்வி’ என்று காட்டத்தான் மல்லுக்கட்டுவார்கள். இத்தனைக்கும் பிறகு பெரும்பாலான அப்பீல்களில் கீழ்க்கோர்ட் தீர்ப்பே நிற்கிறது. செய்தியில் வருவது மாறிய தீர்ப்புகள் என்பதால் நமக்கு அப்படித் தோன்றுவதில்லை.

கெடு தவறினால் கதை முடிந்தது

தோற்றவர் அப்பீல் போக வேண்டும் என்றால் முதலில் ஒரு சின்ன நோட்டீஸ் தாக்கல் செய்ய வேண்டும். சிவில் வழக்கு என்றால் 30 நாள். அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாள். கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு வெறும் 14 நாள். இந்தக் கெடு விஷயத்தில் ஈவு இரக்கம் ரொம்பக் குறைவு.

பிறகு எழுத்து வாதம். அங்கே இதற்கு ‘ப்ரீஃப்’ என்று பெயர். பெயர்தான் சுருக்கம், 9-வது சர்க்யூட்டில் முதன்மை ப்ரீஃப் 14,000 வார்த்தை வரை போகலாம். நீங்கள் இப்போது படிக்கும் கட்டுரையைப் போல ஏழெட்டு மடங்குக்கும் மேல்! அப்பீல் செய்தவர் ஒன்று, எதிர்த்தரப்பு ஒன்று, அதற்குப் பதிலாக அப்பீல் செய்தவர் இன்னொன்று. உண்மையில் வழக்கு இந்தத் தாள்களில்தான் ஜெயிக்கிறது, தோற்கிறது. பெரும்பாலான வழக்குகளில் வக்கீல் நேரில் நின்று பேசுவதே இல்லை. படித்துவிட்டே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நேரில் வாதம் கேட்கும் வழக்குகளிலும் ஒரு தரப்புக்கு பொதுவாக 10 முதல் 20 நிமிடம் வரைதான். நம் சினிமாவில் வருவது போல “மை லார்டு” என்று நீளமாக முழங்க நேரம் கிடையாது. இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு நீதிபதி குறுக்கிட்டுக் கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்வதற்குள் அடுத்தவர் கேட்பார். மேசையில் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த 3 பேர் யார்?

29 பேர் இருந்தாலும் ஒரு வழக்கைக் கேட்பது 3 பேர்தான். யார் யார் என்பது குலுக்கல் மாதிரி முடிவாகும். நம் வக்கீலுக்குப் பிடித்த நீதிபதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. வாதம் நடப்பதற்குக் கொஞ்சம் முன்புதான் பெயர்கள் வெளியே தெரியும். மூன்றில் இரண்டு பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. மூன்றாமவர் மாறுபட்டால் தன் கருத்தைத் தனியாக எழுதிவைப்பார். சில நேரம் அந்த மாற்றுக் கருத்துதான் பின்னால் உச்ச நீதிமன்றத்தில் ஜெயிக்கும்.

இவர்களை நியமிப்பது அதிபர். ஒப்புதல் தருவது செனட். பதவி ஆயுள் முழுக்க. தேர்தல் கிடையாது, ஓய்வு வயது கிடையாது. சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. நியமித்த அதிபருக்கே எதிராகத் தீர்ப்பு சொல்லும் தைரியம் இங்கிருந்துதான் வருகிறது என்பார்கள். அதேசமயம், அரசியல் இல்லவே இல்லை என்று சொன்னால் அது பூசி மெழுகுவதாகிவிடும். 9-வது சர்க்யூட்டை ‘லிபரல் கோர்ட்’ என்று குடியரசுக் கட்சியினர் பல காலமாகத் திட்டி வந்தார்கள். ட்ரம்ப் தன் முதல் ஆட்சியிலேயே இங்கே 10 நீதிபதிகளை நியமித்தார். அதன்பிறகு எந்த 3 பேர் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் வாய்ப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நெல்லைத் தொடர்பையும் சொல்லிவிடலாம். டி.சி. சர்க்யூட்டின் நீதிபதி ஸ்ரீ சீனிவாசன், சண்டிகரில் பிறந்தவர். தந்தையின் பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டம். 2013-ல் செனட்டில் 97-0 என்று ஒருவர்கூட எதிர்க்காமல் அவர் நியமனம் நிறைவேறியது. 2020-ல் அந்தக் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஆனார். தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் சர்க்யூட் கோர்ட்டுக்குத் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை.

தடை... தடைக்குத் தடை... என்ன குழப்பம் இது?

செய்திகளில் நம்மைக் குழப்புவது இந்தப் பகுதிதான். 2017 உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 7 முஸ்லிம் பெரும்பான்மை நாட்டவர் அமெரிக்காவுக்குள் வர ட்ரம்ப் தடை போட்டார். பிப்ரவரி 3-ம் தேதி சியாட்டில் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் அந்த உத்தரவை நாடு முழுக்க நிறுத்தினார். உடனே அரசு 9-வது சர்க்யூட்டுக்கு ஓடியது. அரசு கேட்டது என்ன? “முழு அப்பீலை அப்புறம் விசாரியுங்கள். அதுவரை, ரோபார்ட் போட்ட தடையை நிறுத்திவையுங்கள்.” அதாவது தடைக்கு ஸ்டே!

இப்படிப்பட்ட அவசர மனுக்களைப் பார்க்கவே 3 பேர் கொண்ட ஓர் அமர்வு எப்போதும் தயாராக இருக்கும். ஆட்கள் மாதாமாதம் மாறுவார்கள். அந்த மாதம் டியூட்டியில் இருந்தவர்கள் ஃபீனிக்ஸ், ஹொனலுலு, சான் ஹோசே என்று மூன்று ஊர்களில் இருந்தார்கள். ஒருவர் கார்ட்டர் நியமித்தவர், ஒருவர் ஜூனியர் புஷ் நியமித்தவர், ஒருவர் ஒபாமா நியமித்தவர். பிப்ரவரி 7-ம் தேதி தொலைபேசியிலேயே வாதம் நடந்தது. யூடியூப் நேரலையில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வெறும் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டே நாளில், பிப்ரவரி 9-ல், 3-0 என்று முடிவு வந்தது: அரசு கேட்ட ஸ்டே கிடையாது.

கவனிக்க வேண்டியது, அன்று வந்தது இறுதித் தீர்ப்பு இல்லை. வழக்கு முடியும் வரை யார் கஷ்டத்தைத் தாங்குவது என்பதற்கான ஏற்பாடு. பிறகு ட்ரம்ப் உத்தரவை இரண்டு முறை மாற்றி எழுதினார். மூன்றாவது வடிவத்தை 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று ஏற்றுக்கொண்டது. ஆக, ‘அப்பீல் கோர்ட்டில் அரசுக்குத் தோல்வி’ என்பதும் உண்மை, ‘கடைசியில் அரசு ஜெயித்தது’ என்பதும் உண்மை.

பிறப்புரிமைக் குடியுரிமை வழக்கும் அதே பாதையில்தான் கிளம்பியது. வாஷிங்டன், அரிசோனா, இல்லினாய்ஸ், ஓரிகன் ஆகிய 4 மாநிலங்கள் போட்ட வழக்கில், உத்தரவு வெளியான 3-வது நாளே சியாட்டில் நீதிபதி ஜான் கஃபனார் தடை போட்டார். இவர் ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர். பிப்ரவரி 19-ல் 9-வது சர்க்யூட்டின் அவசர அமர்வு, தடையை நிறுத்த மறுத்தது. நடுவில் ஒரு திருப்பம்: 2025 ஜூன் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம், வழக்கு போட்டவருக்கு முழு நிவாரணம் தரத் தேவையான அளவைத் தாண்டி கீழ்க்கோர்ட் நீதிபதிகள் நாடு முழுவதற்கும் தடை போட முடியாது என்று சொல்லிவிட்டது. எல்லோரும் தடை போச்சு என்று நினைத்தார்கள். ஜூலை 23-ல் 9-வது சர்க்யூட் 2-1 என்று தீர்ப்பளித்தது. உத்தரவு அரசியல் சாசனத்துக்கு விரோதம். இந்த 4 மாநிலங்களுக்கு முழு நிவாரணம் கிடைக்க நாடு தழுவிய தடைதான் தேவை, ஏனென்றால் மக்கள் மாநிலம் விட்டு மாநிலம் குடிபெயர்வார்கள் என்றது பெரும்பான்மை. அதன்பிறகு குடியுரிமைக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனது.

3 பேர் முடிவு பிடிக்கலைன்னா?

இரண்டு வழிகள். ஒன்று, அதே கோர்ட்டிடம் “இன்னும் பெரிய அமர்வாக உட்கார்ந்து கேளுங்கள்” என்று கேட்கலாம். இதற்கு ‘ஆன் பாங்க்’ என்று பெயர். மற்ற சர்க்யூட்டுகளில் பணியில் உள்ள எல்லா நீதிபதிகளும் ஒன்றாக உட்காருவார்கள். இங்கே 29 பேர் உட்கார்ந்தால் அது கோர்ட்டா, கல்யாண மண்டபமா? அதனால் 9-வது சர்க்யூட்டுக்கு மட்டும் தனி வழக்கம்: தலைமை நீதிபதியும், குலுக்கலில் வரும் 10 பேருமாக 11 பேர். 29-ல் 11 பேரை வைத்து மொத்தக் கோர்ட்டின் குரல் என்று சொல்வது சரியா என்ற விமர்சனம் ரொம்ப நாளாக உண்டு. அதில் நியாயமும் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது வழி, உச்ச நீதிமன்றம். 90 நாள் கெடு. ஆனால் அங்கே கதவு ரொம்பச் சின்னது. 13 அப்பீல் கோர்ட்டுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 40,000 வழக்குகள் வருகின்றன. உச்ச நீதிமன்றம் முழுமையாக விசாரிப்பது நூறுக்கும் குறைவு. ஆக நடைமுறையில், சாதாரண மனிதருக்கு சர்க்யூட் கோர்ட்தான் கடைசிக் கோர்ட்.

அந்தச் சின்னக் கதவு சில நேரம் அரசுக்காகவும் திறக்கும். இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கு அதற்குச் சாட்சி. 2017-ல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி, 25 கஜ தூரத்துக்குள் பிடிபட்டார். ஊரில் தன்னைக் கடத்தி அடித்தார்கள் என்றார். அடித்தது யார், எதற்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் அடைக்கலம் கேட்கும் தகுதி இல்லை என்று அதிகாரிகள் முடிவு செய்து, விரைவு நாடுகடத்தலுக்கு உத்தரவிட்டார்கள். சான் டியாகோ டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டோ, இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரமே இல்லை என்று கைவிரித்தது. 2019 மார்ச்சில் 9-வது சர்க்யூட்டின் 3 நீதிபதிகளும் அதை மாற்றினார்கள். கோர்ட் கதவைத் தட்டும் உரிமை அவருக்கு உண்டு என்றார்கள். அதே பாதையில் எல்லை தாண்டி வந்த எத்தனையோ பேருக்கு அது ஒரு நம்பிக்கை. ஆனால் 2020 ஜூன் 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் உண்மையில் துன்புறுத்தப்பட்டாரா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவே இல்லை. வழக்கு முழுக்க நடந்தது, விசாரிக்கும் உரிமை உண்டா என்பது பற்றித்தான்.

ஒரு தீர்ப்பு யாரையெல்லாம் கட்டுப்படுத்தும்?

9-வது சர்க்யூட் சொன்னது 9 மாநிலங்களில் உள்ள எல்லா டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும். டெக்சாஸுக்கு அது பொருந்தாது, அது 5-வது சர்க்யூட். இதனால் ஒரே ஃபெடரல் சட்டத்துக்கு கலிபோர்னியாவில் ஓர் அர்த்தம், டெக்சாஸில் வேறொரு அர்த்தம் என்ற நிலைமை வருவது சகஜம். இப்படி இரண்டு சர்க்யூட்டுகள் முட்டிக்கொண்டால்தான் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடும். இன்னொன்று, எல்லாத் தீர்ப்பும் முன்னுதாரணம் ஆகாது. பெரும்பாலானவை சில பக்கங்களில் முடியும் சாதாரணக் குறிப்புகள். அந்த வழக்கோடு அவை சரி.

முன்னுதாரணத்தில் வேடிக்கைகளும் உண்டு. இந்தோனேசியாவில் ஒரு குரங்கு புகைப்படக்காரரின் கேமராவில் எடுத்த செல்ஃபி ஞாபகம் இருக்கிறதா? குரங்குக்கே காப்புரிமை வேண்டும் என்று பீட்டா அமைப்பு வழக்கு போட்டது. காப்புரிமைச் சட்டப்படி வழக்கு போடும் தகுதி குரங்குக்குக் கிடையாது என்று 2018-ல் சொன்னதும் இதே 9-வது சர்க்யூட்தான்.

இவ்வளவு பெரிய கோர்ட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற கோரிக்கை பழசு. முன்னுதாரணமும் இருக்கிறது; பெருத்துப்போன 5-வது சர்க்யூட்டைப் பிரித்து 1981-ல் 11-வதை உருவாக்கினார்கள். இங்கே சிக்கல் கலிபோர்னியா. மொத்த வழக்குகளில் பெரும்பகுதி அந்த ஒரு மாநிலத்திலிருந்தே வருகிறது. அதை எந்தப் பக்கம் வைத்தாலும் அந்தப் பக்கம் கனக்கும். மாநிலத்தையே இரண்டாக வெட்டினால், ஒரே மாநிலச் சட்டத்துக்கு இரண்டு சர்க்யூட்டுகள் இரண்டு விளக்கம் சொல்லும். அதனால் பேச்சு பேச்சாகவே நிற்கிறது.

நேரில் பார்க்க ஆசையா? விசா வேண்டாம். 9-வது சர்க்யூட் தன் வாதங்களை யூடியூபில் நேரலையாகவே காட்டுகிறது, பழைய வாதங்களும் அங்கேயே கிடைக்கும். அங்கே காலை 9 மணிக்குத் தொடங்கும் அமர்வு என்றால் நமக்கு இரவு 9.30 மணி. அவர்களின் குளிர்காலத்தில் 10.30 மணி.